ஒன்பது மணிக்குப் பிறந்த ஆண்டு

குத்தாயிசியிலிருந்து வரும் வேன்
மூன்று நாள் தாமதம்.
துருக்கி எல்லையில் பனி என்றான் கோச்சா.
அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பவேண்டும்.
ஆனாலும் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டிய
நீல வெந்தயம் வந்து சேர்ந்துவிட்டது,
மகள் காயவைத்த சாமந்தி இதழும்
ஒரு ஜாடித் தேனும்.
அக்ரூட் மட்டும் இங்கே பாரியில் வாங்கினேன்.
"வீட்டில் அணில் வளர்க்கிறாயா?" என்றாள்
கடைக்காரி.

விடியற்காலை ஆறு மணிக்கு இடித்தேன்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டினார்.
அவர் தட்ட, நான் இடிக்க,
ஒரு தாளம்கூடச் சேர்ந்து வந்தது.

சீன்யோர் வீத்தோவின் மகள்
பனிச்சறுக்கப் போயிருக்கிறாள்.
குளிர்பெட்டியில் ஏழு டப்பா,
ஏழிலும் மசித்த கேரட்,
ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறாள்.
எனக்கு வியாழன் மத்தியானமும் ஞாயிறும் விடுப்பு.
ஆண்டு பிறப்பதோ புதன் இரவில்.
அதனால் விருந்து இவர் வீட்டுக்கே வந்தது.
தோதோ இரண்டு மணி நேரம் கடன் வாங்கி வந்தாள்.
எத்தேரிக்கு அவசரமே இல்லை.
அவள் பார்த்துக்கொண்ட அம்மாள் நவம்பரில் போய்விட்டாள்,
வேலையும் படுக்கையும் ஒரே நாளில் போயின.

தேனைக் காய்ச்சிக் கொசினாக்கி வில்லை போட்டேன்.
வான்கோழி வெந்த நீரில் அக்ரூட் விழுது,
பூண்டு, காடி, கடைசியில் சாமந்தி.
அந்த மஞ்சள் எழும்பியதும்
எத்தேரி பேச்சை நிறுத்தினாள்.

சத்சிவியைச் சூடாகத் தின்னக்கூடாது.
அதன் பெயரிலேயே குளிர் இருக்கிறது.
மற்றதெல்லாம் ஆறினால் வீண்,
இது ஆறினால்தான் பதம்.
பால்கனியில் வைத்தோம், கடல்காற்றுக்கு.
எட்டு வருஷமாக நானும்
ஆறிக்கொண்டுதான் இருக்கிறேன்.
பதம் வந்ததா, தெரியவில்லை.

இங்கே ஒன்பது அடித்தால் அங்கே பன்னிரண்டு.
உப்பு ஜாடியில் கைப்பேசியைச் சாய்த்தோம்.
திரையில் தெக்லா. கண்ணாடி போட்டிருந்தாள்.
எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன்,
வெடிச் சத்தம்.
"அம்மா, பூண்டு எத்தனை பல்?"
"இப்போதா கேட்பாய்?"
"கூடிப்போச்சு, அதான்."
சிரித்தாள். வாய் திறந்தபடி
படம் உறைந்து நின்றது.

அப்போதுதான் பார்த்தேன், நாற்காலி காலி.
வாசற்கதவு ஆவென்று கிடந்தது.
ஒற்றைச் செருப்போடு நான்கு மாடி இறங்கினேன்.
தோதோ தெருவுக்கு ஓடினாள்.
என் சம்பளம், என் தங்குரிமைத் தாள், அவர் மகளின் குரல்
எல்லாம் எனக்கு முன்னால் படிப்படியாய் உருண்டன.

மூச்சிரைக்க மேலே வந்தபோது
லிஃப்ட் கதவு திறந்தது.
பைஜாமா, தலையில் கல்யாண வீட்டுத் தொப்பி.
மேலும் கீழும் எத்தனை முறை போய்வந்தாரோ.
என்னைத் தாண்டி நடந்து
வலது காலை எடுத்து
வீட்டுக்குள் வைத்தார்.

எங்கள் ஊரில், ஆண்டு பிறந்த பின்
முதலில் படி தாண்டும் கால்தான்
அந்த வருஷத்தின் ராசி.
நல்ல காலாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவைப்போம்,
இனிப்போடு வா என்போம்.
இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.
உண்மையில், மறந்துபோனேன்.

அவர் கையை விரித்தார்.
எப்போது எடுத்தாரோ, ஒரு கொசினாக்கி,
உள்ளங்கைச் சூட்டில் இளகி,
பைஜாமா நூல் ஒன்று ஒட்டிக்கொண்டு.
"இந்தா, கொன்செத்தா."

கொன்செத்தா அவர் மனைவி,
நான் வருமுன்பே இறந்தவள்.
ஒவ்வொரு முறையும் திருத்துவேன்:
லமாரா, சீன்யோர், லமாரா.
இன்று நூலை எடுத்துவிட்டுத் தின்றேன்.

புதன்கிழமை கேரட் தொடாமல் இருக்க,
நார் நாராகப் பிய்த்துக் கொடுத்த வான்கோழியை
இரண்டு தட்டு சாப்பிட்டார்.
திரை மீண்டும் அசைந்தது.
"அங்கே யார் முதலில் வந்தது?" என்றாள் தெக்லா.
கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினேன்.

தாடையில் மஞ்சள் வழிய,
என் மகளை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு
சொன்னார்:
பூண்டு போதாது.